புளோரிடா 2000: நீதிமன்றம் 7–2 ஆ, 5–4 ஆ?

வாவிக்கரை (கல்லடி): 2000 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்ல புஷ் (குடியரசுக் கட்சி), கோர் (ஜனநாயகக் கட்சி) ரெண்டு பேருக்கும் இடையில புளோரிடா மாநில வாக்கை மறுபடி கையால எண்ணுறதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் நிறுத்தின வழக்கைப் பற்றி நேற்று ஒருத்தர் எழுதியிருக்கார், "புஷ் எதிர் கோர் தீர்ப்பு ஏழுக்கு ரெண்டு, பக்கச்சார்பு எண்டு கத்துறவங்க தீர்ப்பையே வாசிக்கல" எண்டு. வாசிக்காதது யாரு? டிசம்பர் 9 எண்ணுறதை நிறுத்தின தடை 5–4. 12ஆம் திகதி இறுதிக் கட்டளையும் 5–4.

அக்கரைப்பற்றான்: எழுதினது நான்தான். பாம் பீச் கவுண்டியில (மாவட்டம் மாதிரி) கையால எண்ணக்குள்ள என்ன நடந்த? முதல்ல, வாக்குச் சீட்டில குத்தின இடத்துக் கடதாசித் துண்டு கழன்டிருக்கணும். பிறகு வெளிச்சம் தெரிஞ்சாலே வாக்கு. திரும்பவும் பழைய விதி. கடைசியில விதியே இல்ல. பக்கத்துப் புரோவார்டில இன்னும் தளர்வு. இது சமத்துவத்துக்குப் பிழை எண்டு ஏழு நீதியரசர் சொன்ன. ஏழு!

வாவிக்கரை: ஏழு பேர் கண்டது பிழையை. பரிகாரத்தில அந்த ஏழில சூட்டர், பிரேயர் எண்ட ரெண்டு நீதியரசரும் பிரிஞ்சிட்டாங்க. ஒரே அளவுகோல் வச்சு, தேர்வாளர் (ஜனாதிபதியைத் தெரியிற மாநிலப் பிரதிநிதிகள்) வாக்களிக்கிற டிசம்பர் 18க்குள்ள எண்ணட்டும், புளோரிடாவுக்கே திருப்பி அனுப்புங்க எண்டாங்க. மற்ற அஞ்சு பேர், தேர்வாளர் பற்றின சிக்கலை மாநிலம் தீர்க்க 12தான் கெடு எண்டு 12ஆம் திகதி இரவு தீர்ப்புக் குடுத்தாங்க. இடையில மூணு நாளைத் தின்டது அவங்கட தடைதான். புளோரிடாவில புஷ் முன்னுக்கு நின்ட வித்தியாசம் 537 வாக்கு. கட்டளை 5–4.

கல்முனை மைந்தன்: சூட்டரை நியமிச்சது அப்பா புஷ். இன்னொரு நீதியரசர் ஸ்டீவன்ஸை நியமிச்சது ஃபோர்ட். ரெண்டு ஜனாதிபதியும் குடியரசுக் கட்சி. ரெண்டு நீதியரசரும் மகன் புஷ்ஷுக்கு எதிராத்தானே நின்ட? கட்சிக் கணக்குப் பிழைக்குது அண்ணன்.

வாவிக்கரை: அந்த அஞ்சு பேரையும் நியமிச்சது எந்தக் கட்சி? அதையும் எழுதுங்க தம்பி. இந்த நியாயம் இந்த வழக்குக்கு மட்டும்தான் எண்டு தீர்ப்பிலயே போட்டிருக்கு. நாளைக்கு வேற ஆளுக்கு உதவாத நியாயம் என்ன நியாயம்?

அக்கரைப்பற்றான்: கோர் முதல்ல கையால எண்ணக் கேட்டது நாலே கவுண்டி, எல்லாம் அவருக்கு வாக்கு விழுந்த இடம். 2001இல பத்திரிகைகள் சேர்ந்து சீட்டுகளைப் பார்த்தாங்க. புளோரிடா நீதிமன்றம் சொன்னபடி எண்ணியிருந்தாலும் புஷ்தான் முன்னுக்கு.

வாவிக்கரை: பாதியை மறைக்காதீங்க! ரெண்டு பேருக்குக் குத்தினதெண்டு ஒதுக்கின சீட்டையும் சேர்த்து மாநிலம் முழுக்கப் பார்த்தா கோர் மயிரிழையில முன்னுக்கு. அதே ஆய்வுதான்.

மட்டுநகரான்: இஞ்ச இலங்கையில 2018இல ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைச்ச வழக்கில, அது பிழை எண்டு ஏழு நீதியரசரும் ஒரே முடிவு சொன்ன. நம்மட நீதிமன்றம் அமெரிக்காவை விடத் திறம்.

கல்முனை மைந்தன்: அப்ப கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்துற தமிழ்–முஸ்லிம் பிரச்சினையையும் பேசுவமா?

மட்டுநகரான்: அதை ஏன் இதுக்குள்ள இழுக்கிற? உங்கட ஆக்களுக்கு எப்பவும் அதே கதை.

வாவிக்கரை: ரெண்டு பேரும் வேற இழை திறங்க. அக்கரைப்பற்றான், கட்டளையின்ட கடைசிப் பந்தியை ஒட்டுங்க, எத்தனை பேர் எண்டு பார்ப்பம்.

அக்கரைப்பற்றான்: ஒட்டுறன். அதுக்கு முதல் அந்த அஞ்சு பேரில ரென்குவிஸ்ட், ஸ்காலியா, தோமஸ் சேர்ந்து தனியா எழுதினதை நீங்க வாசிங்க. தேர்வாளரை நியமிக்கிற முறையை வகுக்கிறது மாநிலச் சட்டசபை, நீதிமன்றம் அதை மாத்தேலா எண்ட வாதம் அதிலதான் இருக்கு.