நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், 1977–80: அந்த வெற்றிகள் எப்படிச் சாத்தியமாயின?

கேள்வி:
வணக்கம். 1976–77 சீசனில் இரண்டாம் டிவிஷனில் மூன்றாம் இடம் பிடித்து, தட்டுத்தடுமாறி மேலேறிய இங்கிலாந்துக் கால்பந்து அணியான நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், அடுத்த சீசனிலேயே அன்றைய உச்ச லீக்கான முதல் டிவிஷன் பட்டத்தையும், பின்னர் 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையையும் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வென்றிருக்கிறது. லீக் பட்டத்தை ஒரே முறை வென்ற அணி ஐரோப்பியக் கோப்பையை இரு முறை வென்றது எப்படி? இதனை மேலாளர் பிரையன் கிளஃப் செய்த மாயம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
மாயம் என்று சொல்வது அந்த ஆட்டக்காரர்களுக்குச் செய்யும் அநீதி என்றே நானும் கருதுகிறேன். 1975 ஜனவரியில் கிளஃப் பொறுப்பேற்றபோதும் அணி இரண்டாம் டிவிஷனில்தான் இருந்தது. 1976இல் பீட்டர் டெய்லர் துணைக்கு வந்து சேர்ந்த பிறகே அது உருமாறத் தொடங்கியது. ஆளைப் பார்த்தவுடன் எடைபோடும் திறமை டெய்லருக்கு இருந்தது. பர்மிங்ஹாமில் முன்கள வீரராகக் கோல் அடித்துக்கொண்டிருந்த கென்னி பர்ன்ஸை வாங்கி, லாரி லாய்டுக்குத் துணையாகத் தற்காப்பின் நடுவில் நிறுத்தினார்கள். பட்டம் வென்ற 1977–78 சீசனின் முடிவில் கால்பந்து எழுத்தாளர்கள் ஆண்டின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். சீசன் தொடங்கிய பிறகு, செப்டம்பரில், ஸ்டோக்கிலிருந்து கோல்கீப்பர் பீட்டர் ஷில்டன் வந்தார். 42 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 24 மட்டுமே, தோல்விகள் மூன்று. லிவர்பூலைவிட 7 புள்ளிகள் முன்னணி என்பது, வெற்றிக்கு 2 புள்ளிகள் மட்டுமே தரப்பட்ட அக்காலத்தில் மிகப் பெரிய இடைவெளி. 1977 நவம்பர் முதல் 1978 டிசம்பர் வரை தொடர்ந்து 42 லீக் ஆட்டங்களில் தோற்காமல் இருந்த அணியைப் பற்றி அதிர்ஷ்டம் என்று எவரும் பேச முடியாது.

மறுமொழி 2:
முதலில் பதில் எழுதிய நண்பர், ஜான் ராபர்ட்சனைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். வேகம் இல்லாத, பருத்த உடல்வாகு கொண்ட அந்த ஸ்காட்லாந்துக்காரரிடம் இடது ஓரத்தில் பந்து போய்ச் சேர்ந்தால் போதும், அரை அடி இடத்தில் எதிராளியை ஏமாற்றிவிட்டுக் கிராஸ் (ஓரத்திலிருந்து கோல் முன்னே அனுப்பும் பந்து) கொடுத்துவிடுவார். 1979இல் மியூனிக்கில் ஸ்வீடனின் மால்மோவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் டிரெவர் ஃபிரான்சிஸ் தலையால் முட்டிய ஒரே கோல் ராபர்ட்சன் கொடுத்த கிராஸில் வந்தது. மறு ஆண்டு மாட்ரிட்டில், கெவின் கீகன் ஆடிய ஹாம்பர்க்கை வீழ்த்திய ஒரே கோலை அவரே அடித்தார். இரண்டாவது லீக் பட்டம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு, 1978–79இல் ஃபாரஸ்ட் இரண்டாம் இடத்தில் முடித்தது என்பதையும், முதலிடம் பெற்ற லிவர்பூல் அந்த சீசன் முழுவதும் 16 கோல்களே வாங்கியது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதே லிவர்பூலைத்தான் அந்த சீசனின் ஐரோப்பியக் கோப்பை முதல் சுற்றில் ஃபாரஸ்ட் வெளியேற்றியது.

மறுமொழி 3:
ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க நேரமிருந்தால், இறுதி ஆட்டங்களைவிட 1979 ஏப்ரலில் ஜெர்மனியின் கோல்ன் அணியுடன் இரு ஆட்டங்களாக நடந்த அரையிறுதியைப் பாருங்கள். சொந்த மைதானத்தில் 0–2 எனப் பின்தங்கி, 3–2 என முந்தி, ஜப்பானியரான ஒகுதேரா அடித்த கோலால் 3–3 என முடிந்தபோது, இரு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் எதிரணி மண்ணில் அடித்த கோல்களே முடிவு செய்த அக்காலத்தில், அப்படி மூன்று கோல் அடித்துவிட்ட கோல்னே இறுதிக்குச் செல்லும் எனப் பலரும் முடிவு கட்டிவிட்டனர். ஜெர்மனியில் ஃபாரஸ்ட் ஒரு கோலும் வாங்காமல் தடுத்து நின்று, கார்னரிலிருந்து வந்த பந்தை இயன் போயர் தலையால் முட்ட, 1–0 என வென்றது.