பெரியப்பாவின் கார்டை நிறுத்தியது யார்?

வாட்ஸ்அப் குழு: நங்கநல்லூர் வீடு

பெரியப்பா, காலை 7:48
நேற்று ராத்திரி 11 மணிக்கு மேல் கோயம்புத்தூர் வீட்டுக்கு வாஷிங் மெஷின் ஆர்டர் போட்டேன். 31,000 ரூபாய். கார்டு செல்லவில்லை. கணக்கில் பணம் இருக்கிறது! தள்ளுபடியும் நள்ளிரவோடு முடிந்துவிட்டது. என் பணத்தைச் செலவு செய்ய யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

அத்தை, 7:55
எந்த பேங்க் அண்ணா?

பெரியப்பா, 7:57
பேங்க் பெயரை விடு. கஸ்டமர் கேரில் கேட்டால் "சிஸ்டம் நிறுத்தியிருக்கிறது சார்" என்கிறார்கள். சிஸ்டத்துக்கு ஒரு பெயர், ஒரு மேஜை கிடையாதா?

கார்த்தி, 8:02
கார்டு மோசடியைப் பிடிக்கிற சிஸ்டம்தானே அகிலா அக்கா வேலையே. அக்கா, உடனே ஆஜராகவும்.

அகிலா, 8:19
ரயிலில் இருக்கிறேன். பெருங்குடி வருவதற்குள் முடிந்தவரை சொல்கிறேன். பெரியப்பா, போன வாரம் வாங்கிய புது போனில் இருந்துதானே போட்டீர்கள்?

பெரியப்பா, 8:20
ஆமாம். அதனால் என்ன?

அகிலா, 8:24
புது போன். இதுவரை எதுவும் அனுப்பாத முகவரி. நீங்கள் வழக்கமாகத் தூங்கிவிடும் நேரம். மளிகைக்கும் மருந்துக்கும் போகிற கார்டில் திடீரென்று 31,000. தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் தப்பில்லை. நாலும் ஒரே நிமிஷத்தில் சேர்ந்து வந்ததுதான் விஷயம். நியூரல் நெட்வொர்க், அதாவது பழைய கணக்குகளைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் மென்பொருள், பார்ப்பது அந்தச் சேர்க்கையை. முன்பெல்லாம் "25,000-க்கு மேல் போனால் நிறுத்து" என்கிற மாதிரி விதிகளைத்தான் எழுதி வைப்பார்கள். திருடன் 24,900 எடுப்பான்.

சித்தப்பா, 8:27
நான் கவுண்டரில் இருந்த காலத்தில் கையெழுத்தைப் பார்ப்போம், ஆளின் முகத்தைப் பார்ப்போம். சந்தேகம் என்றால் மேனேஜரிடம் அனுப்புவோம்.

அகிலா, 8:30
இதுவும் அந்த மாதிரிதான் சித்தப்பா, முகம் மட்டும் இல்லை. தெருமுனை அண்ணாச்சிக்கு எந்த வீட்டில் எது எவ்வளவு போகும் என்று அத்துப்படி இல்லையா, அப்படிக் கோடிக்கணக்கான வீடுகளுக்கு. ரொம்பப் புதுசும் இல்லை. அமெரிக்காவில் ஃபால்கன் என்ற மென்பொருள் 1992-லேயே நியூரல் நெட்வொர்க்கை வைத்து கார்டு மோசடி பிடிக்க வந்துவிட்டது.

கார்த்தி, 8:31
ஓடிபி போட்டு டிக் வருவதற்குள் இவ்வளவும் எப்படி அக்கா?

அகிலா, 8:34
உங்கள் வழக்கத்தைப் பற்றிய கணக்கெல்லாம் முன்பே போட்டுத் தயாராக இருக்கும். பணம் போகிற நொடியில் புது விவரத்தை அதோடு சேர்த்துப் பெருக்கிக் கூட்டி, எவ்வளவு சந்தேகம் என்று ஒரு மதிப்பெண் தருவதுதான் மிச்ச வேலை. அதற்குச் சில மில்லிசெகண்ட் போதும். கஷ்டம் மெஷினைப் பழக்குவதில்தான். நாங்கள் எல்லோரும் முதலில் பழகும் ஒரு தரவு உண்டு. 2013 செப்டம்பரில் ஐரோப்பிய கார்டுகளில் 2 நாளில் நடந்த 2,84,807 பரிவர்த்தனைகள். அதில் மோசடி 492 மட்டும். எதையும் பார்க்காமல் "எல்லாம் நல்லது" என்று சொன்னாலே 99.8 சதவீதம் சரியாகிவிடும், ஆனால் ஒரு திருடன்கூட மாட்ட மாட்டான்.

கார்த்தி, 8:35
99.8 மார்க் வாங்கியும் ஃபெயில்! என் காலேஜை விடக் கொடுமை.

சித்தப்பா, 8:41
சரி அகிலா, ஒன்று கேட்கிறேன். ராத்திரி ஒரு மணிக்கு ஆஸ்பத்திரியில் அட்வான்ஸ் கட்ட கார்டு தேய்த்தால்? அதுவும் புது இடம், பெரிய தொகை, கெட்ட நேரம்தான். அப்போதும் நிறுத்துமா?

அகிலா, 8:47
நிறுத்தலாம். எனக்கும் உறுத்துவது அங்கேதான். மெஷின் மதிப்பெண் மட்டும்தான் தரும். எத்தனைக்கு மேல் போனால் நிறுத்துவது என்ற கோட்டைப் போடுவது மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் மனிதர்கள். கீழே இறக்கினால் நல்லவர்கள் மாட்டுவார்கள், மேலே ஏற்றினால் திருடன் தப்பிப்பான். பெரியப்பா விஷயத்தில் சந்தேகப்பட்டது தப்பில்லை. ஆனால் "நீங்கள்தானா?" என்று ஒரு மெசேஜாவது வந்திருக்க வேண்டும். கேட்காமலே நிறுத்தியது அந்த பேங்கின் சோம்பேறித்தனம். அதற்கு மெஷின் பொறுப்பாகாது.

பெரியப்பா, 8:49
இதைத்தான் நான் முதலில் இருந்து சொல்கிறேன்.

அத்தை, 8:52
எங்கள் தெருவில் ஒருவரை, போலீஸ் மாதிரி போனில் பேசி டிஜிட்டல் கைது என்று மிரட்டி எஃப்.டி. பணத்தை எல்லாம் அனுப்ப வைத்துவிட்டார்களே, அப்போது இந்த மெஷின் எங்கே போயிருந்தது?

அகிலா, 8:58
அவர் போன், அவர் விரல், அவர் பின் நம்பர், பட்டப்பகல். மெஷின் கண்ணுக்கு அவரேதான் அனுப்புகிறார். முன்பின் தெரியாத கணக்குக்குப் பெரிய தொகை என்பது ஒன்றுதான் துப்பு. வீடு வாங்க முன்பணம் கொடுப்பவரும் அதைத்தான் செய்வார். அதனால் இப்போது பணம் போய்ச் சேருகிற பக்கத்தையும் பார்க்கிறார்கள். திருட்டுப் பணம் வந்த வேகத்தில் பல கணக்குகளாகப் பிரிந்து ஓடும். கமிஷனுக்கு ஆசைப்பட்டு வாடகைக்கு விட்ட கணக்குகள்தான் நிறைய. இவற்றைப் பிடிக்க மியூல்ஹன்டர் என்று ஒரு மென்பொருள் இருப்பதை ரிசர்வ் வங்கி 2024 டிசம்பரில் அறிவித்தது. கார்த்தி, காலேஜில் யாராவது "அக்கவுண்ட் கொடு, மாதம் பணம் தருகிறேன்" என்றால் ஓடிவிடு.

கார்த்தி, 8:59
என் அக்கவுண்டில் 212 ரூபாய் இருக்கிறது. யாரும் கேட்க மாட்டார்கள்.

அகிலா, 9:00
காலியான அக்கவுண்ட்தான் அவர்களுக்கு வசதி. நிஜமாகச் சொல்கிறேன். அப்புறம், யாருக்காவது பணம் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன். பேங்குக்கு அடுத்த போன். இந்தக் குழுவில் புலம்புவது அதற்கு அப்புறம்.

அத்தை, 9:03
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அகிலா, 9:03
என்ன அத்தை அழித்தீர்கள்?

அத்தை, 9:06
ஒன்றும் இல்லை. கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி 9:30-க்கு இணைப்பைத் துண்டிப்போம் என்று காலையில் ஒரு மெசேஜ் வந்தது. அதில் இருந்த நம்பரைக் கூப்பிட்டேன்.

அகிலா, 9:06
அத்தை!!! ஏதாவது ஆப் இறக்கச் சொன்னார்களா?

அத்தை, 9:07
யாரும் எடுக்கவில்லை. இப்போது அவர்கள்தான் திரும்பக் கூப்பிடுகிறார்கள். எடுக்கவா?

சித்தப்பா, 9:07
எடுக்காதே!

பெரியப்பா, 9:07
எடுக்காதே. நான் உனக்கு போன் பண்ணுகிறேன், அதை மட்டும் எடு.