புதுப்பிப்பு: காவடிப் பட்டியலில் பெயர்கள் வந்துவிட்டன

முன்பு கேட்டது இதுதான்: மொரீஷியஸில் எங்கள் கோவிலின் தைப்பூசக் காவடிப் பதிவில் குடும்பத் தலைவரின் பெயர் வருகிறது, உறுப்பினர் பட்டியல் மட்டும் காலியாக வருகிறது. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

காரணம் ஜாவாஸ்கிரிப்டின் ஃபார்ஈச், அதாவது பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும் கட்டளை. உள்ளே அவெய்ட் (பதில் வரும்வரை நில் என்னும் சொல்) எழுதினாலும் அது காத்திருப்பதில்லை. தரவுத்தளம் பதில் சொல்வதற்குள் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பதில் மேப் போட்டு, அது தரும் ப்ராமிஸ்களை (பின்னர் வரப்போகும் பதில்களுக்கான சீட்டுகளை), எல்லாம் வரும்வரை காத்திருக்கும் ப்ராமிஸ்.ஆல் வழியே வாங்கியதும் பெயர்கள் வந்தன.

அதோடு நிறுத்த மனமில்லை. குடும்பத்துக்கு ஒரு வினவல் (தரவுத்தளத்திடம் ஒரு கேள்வி) என்பது வீண் அலைச்சல். தரவுத்தளத்தோடு பேச உதவும் நோட்-போஸ்ட்கிரெஸ் நூலகத்தின் இணைப்புத் தொகுப்பில் நாம் மாற்றாதவரை 10 இணைப்புகள்தான். மற்றவை வரிசையில் நிற்கும். ஒரு வினவல் தவறினாலும் ப்ராமிஸ்.ஆல் மொத்தத்தையும் தோல்வி என்றே சொல்லிவிடும். ஆகவே குடும்ப எண்களைத் திரட்டி, ஒரே வினவலில் எல்லா உறுப்பினர்களையும் எடுத்து, எண்வாரியாகப் பிரித்துக்கொள்கிறேன். பெயரை வைத்துப் பொருத்துவது இங்கே ஆகாத காரியம். முத்துவையே வீட்டுக்கு வீடு வேறு எழுத்துகளில் எழுதுவார்கள்.

ஜாயின் (இரண்டு அட்டவணைகளை ஒரே வினவலில் இணைப்பது) போதுமே என்று பதில் எழுதிய அண்ணனுக்கு: போதும்தான். ஆனால் தலைவரின் முகவரி ஒவ்வோர் உறுப்பினரின் வரியிலும் திரும்பத் திரும்ப வரும். கடைசியில் அதையும் பிரித்தே ஆகவேண்டும்.