மருத்துவக் கல்லூரி மருத்துவமனை: ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலருகே நின்றவர்களின் அனுபவப் பகிர்வு

நிழல்மரம்:
அப்பாவுக்கு இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது முன்பே தெரிந்த விஷயம். பலூன் வைத்து விரிப்பதற்காகச் சேர்த்திருந்தோம். காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டருக்குப் பின்னால் ஒரு பட்டாளமே வரும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருவர் பின் ஒருவராக அப்பாவின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "மர்மர் (இதயத்தில் கேட்கும் அசாதாரண இரைச்சல்) கேட்டதா?" என்ற கேள்விக்கு எல்லோரும் கேட்டது என்றே தலையசைத்தார்கள். கடைசியாக நின்ற மாணவி மட்டும், "எனக்குக் கேட்கவில்லை, சார்" என்றார். பேராசிரியர் கோபப்படவில்லை. அப்பாவை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னார். பெல் என்கிற குழிந்த பக்கத்தை இதயத்தின் நுனிப்பகுதியில் அழுத்தாமல் வைத்தார். மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, அந்த மாணவியை மறுபடி கேட்க வைத்தார். அந்த நோயின் ஒலி தாழ்ந்த உறுமலாக இருப்பதால், மல்லாந்து கிடப்பவரிடம் தட்டையான பக்கத்தை அழுத்தி வைத்துக் கேட்டால் எளிதில் தப்பிவிடும் என்று விளக்கினார். அதுவரை அப்பா மல்லாந்துதான் படுத்திருந்தார். அப்படியானால், கேட்டது என்று சொன்னவர்களுக்கெல்லாம் என்ன கேட்டது? அப்பா நலமாக வீடு திரும்பிவிட்டார்; ஆனாலும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. தலையசைத்தவர்களில் ஒருவர் அன்றிரவு டியூட்டியில் இருந்திருந்தால்?

பேரன்:
நிழல்மரம், ஒரு காட்சியை வைத்து மாணவர்கள் அனைவரையும் எடைபோடுவது சரியில்லை. என் பாட்டிக்கு முடக்குவாதம். வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் எல்லா வகையிலும் குறைந்துகொண்டே போன நிலையில் சேர்த்தோம். யூனிட் டாக்டர்கள் பார்த்தார்கள், இரத்தவியல் துறையிலிருந்தும் வந்து பார்த்தார்கள், எலும்பு மஜ்ஜைப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்கள். அன்று மாலை மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் நோட்டுப் புத்தகத்துடன் வந்து, தேர்வுக்காக ஒரு கேஸ் எழுத வேண்டும் என்று அனுமதி கேட்டார். பாட்டியின் திருமணம் முதல் தூக்கம் வரை விசாரித்துவிட்டு, மாத்திரைப் பையை அப்படியே கட்டிலில் கொட்டச் சொன்னார். அதிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, "பாட்டி, இந்த மஞ்சள் மாத்திரையை எந்தக் கிழமையில் போடுகிறீர்கள்?" என்று கேட்டார். "கிழமை என்ன கிழமை, தினமும்தான் போடுகிறேன்" என்றார் பாட்டி. அது மெத்தோட்ரெக்சேட். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். தினமும் எடுத்தால் மஜ்ஜையையே முடக்கிவிடும். கேஸ் ஷீட்டில் வாரம் ஒருமுறை என்று சரியாகத்தான் எழுதியிருந்தது, ஏனென்றால் அது சீட்டில் இருந்ததைப் பார்த்து எழுதியது. பாட்டி விழுங்கியதை யாரும் கேட்டிருக்கவில்லை. அந்த மாணவர் நோட்டை மூடிவிட்டு, ஏறக்குறைய ஓட்டமாகப் பி.ஜி. (முதுநிலைப் படிப்பில் இருக்கும்) டாக்டரைத் தேடிப் போனார். மாற்று மருந்தான ஃபோலினிக் அமிலத்தை இரவே ஏற்றத் தொடங்கினார்கள். அனுபவம் மிக்கவர்களிடம் இல்லாத ஒன்று அந்தப் பையனிடம் இருந்தது: நேரம்.

அமைதிவிரும்பி:
பேரன் சொல்வது மாணவர்கள் வந்து பேசுவதைப் பற்றியது. தொடுவது வேறு. பிரசவ வார்டில் என்னை உள்பரிசோதனை செய்த கைகள் யாருடையவை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரும் பெயர் சொல்லவில்லை, செய்யலாமா என்று கேட்கவும் இல்லை. மீண்டும் ஒருவர் கையுறை மாட்டிக்கொண்டு வந்தபோது, வயதில் மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் திரையைப் பிடித்தபடி குறுக்கே நின்று, "இப்போதுதான் பார்த்தார்கள். பார்ட்டோகிராஃபில் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவைக்கும் தாள்தான் பார்ட்டோகிராஃப். வந்தவர் ஒன்றும் பேசாமல் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். சிக்கலில்லாத பிரசவத்தில் வலி முழுவீச்சில் இருக்கும் கட்டத்தில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை என்று பிறகுதான் படித்தேன். கற்றுக்கொள்ளட்டும், எனக்கு மறுப்பில்லை. கேட்டுவிட்டுக் கற்றுக்கொள்ளட்டும்.

கடைசி பெஞ்ச்:
அமைதிவிரும்பியின் கோபம் நியாயமானது, வரலாறும் அவர் பக்கம்தான் இருக்கிறது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் சுமார் 10 சதவீதத் தாய்மார்கள் இறந்தார்கள்; மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாவதில் அது சுமார் 4 சதவீதம். மாணவர்கள் பிணக்கூறாய்வுக் கூடத்திலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்ததுதான் காரணம் என்று கணித்த அங்கிருந்த மருத்துவர் செம்மல்வெய்ஸ், 1847இல் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவ வைத்தார். இறப்பு சட்டென்று குறைந்தது. என் சொந்த அனுபவம் என்று சொன்னால், என் மனைவியின் கட்டிலருகே வந்த பயிற்சி மருத்துவர்கள் அனைவரும் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொண்டார்கள், பெரிய டாக்டர் தேய்க்கவில்லை, அதை அவரிடம் சொல்ல அந்தக் கூட்டத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

இரவுப்பணி:
அப்படியொரு மருத்துவமனையில் பி.ஜி. படித்தவன் என்பதால் எழுதுகிறேன். நிழல்மரம் அஞ்சுவது தவறான ஆளை. கட்டிலைச் சுற்றி நிற்கும் மாணவருக்கு மருந்து எழுதும் உரிமை இல்லை. இரவில் முடிவெடுப்பவர் பி.ஜி., அவருக்கு மேலே அழைக்கக்கூடிய உதவிப் பேராசிரியர் ஒருவர் இருப்பார். நான் அஞ்சுவது கைமாற்றும் வேளையை. ஒரு மாலையில் பகல் டியூட்டி முடித்தவர் ஒரு சிறுநீரக நோயாளியைக் காட்டி, "ஸ்டேபிள்" என்று ஒரே சொல்லில் ஒப்படைத்துவிட்டுப் போனார். பொட்டாசியம் பரிசோதனைக்கு இரத்தம் போயிருப்பதைச் சொல்லவில்லை. நள்ளிரவுக்குப் பிறகு ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது: பொட்டாசியம் 7க்கு மேல், இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய அளவு. இ.சி.ஜி. எடுத்தபோது டி அலைகள் கூடாரம் கூடாரமாக எழுந்து நின்றன. இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஏறி, அந்தக் கூர்முனைகள் திரையில் மெல்லத் தாழ்ந்ததைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

எனவே உறவினர்களுக்குச் சொல்கிறேன்: டியூட்டி மாறும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு, புதிதாக வந்தவரிடம் அவர் பெயரையும், எந்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும், நிலைமை மோசமானால் யாரை அழைப்பார் என்பதையும் கேளுங்கள். வரையறுத்த முறையில் நோயாளிகளை ஒப்படைக்கக் கற்றுக்கொடுத்த ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் மருத்துவப் பிழைகள் 23 சதவீதம் குறைந்தன என்று 2014இல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆகவே இது வெறும் மரியாதைக்கான சடங்கு அல்ல. மாத்திரைகளைப் பட்டியலாக மட்டும் கொடுக்காமல், பேரனின் பாட்டியைப் போல அட்டைகளோடு கொண்டு வாருங்கள். மாணவர் பரிசோதிப்பதை மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை குறையக் கூடாது என்பதே விதி. ஆனால் மறுப்பதை அவரிடம் காட்டாமல் யூனிட் டாக்டரிடம் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் எந்த மருந்து நிறுத்தப்பட்டது என்ற வரி இல்லையென்றால், அதை எழுதி வாங்காமல் படியிறங்காதீர்கள்.

மூன்றாம் மாடி:
இரவுப்பணி, கேளுங்கள் கேளுங்கள் என்கிறீர்கள். கேட்பதற்கு ஆள் வார்டுக்குள் இருக்க வேண்டாமா? என் தம்பியின் கட்டி குறித்து அறுவைச் சிகிச்சை, கதிரியக்கம், மருந்து சிகிச்சை ஆகிய மூன்று துறையினரும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. மூன்று வாசல்களில் நாங்கள் தனித்தனியாகக் காத்திருந்தால் அத்தனை விரைவில் நடந்திருக்காது. ஆனால் முதலில் அறுவைச் சிகிச்சை என்று சொல்லியிருந்தவர்கள் ஏன் முதலில் மருந்து என்று மாற்றினார்கள் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பின்னர் நகல் வாங்கிப் பார்த்தபோது, கேஸ் ஷீட்டில் "குடும்பத்தாருக்கு விளக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது. யாருக்கு விளக்கப்பட்டது என்ற இடம் காலியாக இருந்தது. குறித்திருந்த நேரமோ, பார்வையாளர் நேரம் முடிந்து எங்கள் எல்லோரையும் வெளியே அனுப்பியிருந்த நேரம்.