பங்க் டேங்க்: மூடியை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதுமா?

வேலை_தேடி_24:
வணக்கம். எங்கள் ஊருக்கு வெளியே பைபாஸில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் டேங்க் சுத்தம் செய்ய ஆள் கேட்கிறார்கள். ஒரு நாள் வேலை, 3,000 ரூபாய், சாப்பாடும் உண்டு. உள்ளே இறங்க வேண்டுமாம். பழக்கம் இல்லாதவன் போகலாமா?

தூத்துக்குடி_டேங்க்காரர்:
தாராளமாகப் போங்கள் தம்பி. 22 வருஷமாக நான் பார்க்கிற தொழில் இது. முதல் நாள் சாயங்காலமே போல்ட்டைக் கழற்றி மூடியைத் திறந்து வைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்கக் காற்றாடினால் கேஸ் எல்லாம் போய்விடும். காலையில் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். சும்மா பயமுறுத்துகிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

சிங்கை_பட்டறை:
எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "ராத்திரி முழுக்கக் காற்றாடினால்" என்ற வரி விடவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். டேங்க் பூமிக்குள் இருக்கிறது, வாய் மேலே இருக்கிறது. கிணற்று மூடியைத் திறந்து வைத்தால் தண்ணீர் தானாக ஏறி வெளியே போய்விடுமா அண்ணே?

தூத்துக்குடி_டேங்க்காரர்:
கனமாம்! அப்படியானால் பங்க்கைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் மூக்குக்கு வாசம் எப்படி ஏறுகிறது? படிக்கட்டு வைத்து ஏறுகிறதா? ஒரு ராத்திரி போதும் தம்பி.

சிங்கை_பட்டறை:
வாசம் வருவதற்குத் துளி போதும். அடியில் கிடப்பதுதான் ஆளைக் கொல்லும். இன்னொன்றும் கேளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். மூடிய டேங்க்கில் ஆவி இதற்கு மேல்தான் இருக்கும், பற்றாது. நீங்கள் மூடியைத் திறந்து காற்றை உள்ளே விடுகிறீர்கள். ஆவி மெல்ல மெல்லக் குறைந்து சரியாக அந்த 7.6-க்குள் வந்து உட்காருகிறது. அதாவது ராத்திரி முழுக்க நீங்கள் வெடிமருந்து கலக்கிவிட்டு, காலையில் அதற்குள் ஆளை இறக்குகிறீர்கள். அவன் கையில் இரும்புச் சுரண்டி வேறு.

அப்புறம், எனக்கு 51 வயது. தம்பி எல்லாம் வேண்டாம்.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
22 வருஷத்தில் எந்தச் சதவீதமும் என்னிடம் வந்து முகவரி கேட்டதில்லை. ஒரு டேங்க் வெடித்ததில்லை. சுரண்டி பித்தளை, இரும்பு இல்லை. அது தெரியாமல் எழுதுகிறீர்கள். வயது 51 என்றால் அண்ணாச்சி என்று கூப்பிடுகிறேன், அதில் எனக்கு நஷ்டம் இல்லை. ஆனால் ஒரு ராத்திரி போதும்.

கறுப்பு_அங்கி:
நண்பர்களே, முதலில் ஒரு கேள்வி. "அபாயகரமான சுத்தம்" என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. 2013-ஆம் ஆண்டு கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம், பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் பற்றித்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது. பெட்ரோல் டேங்க் வேறு கணக்கு. அது 1934-ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம், 2002-ஆம் ஆண்டு விதிகள், நாக்பூரில் தலைமையகம் இருக்கும் பெசோ என்ற மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு. எந்த டேங்க் என்று கேட்டவர் இன்னும் சொல்லவில்லையே?

தூத்துக்குடி_டேங்க்காரர்:
வக்கீல் சார், சட்டம் டேங்க்குக்குள் இறங்கிக் கசடு அள்ளாது.

பழைய_டீலர்:
நான் 14 வருஷம் பங்க் நடத்தியவன். சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன். இப்படித்தான் ஒரு ஒப்பந்தக்காரர் ஒரு ராத்திரி போதும் என்று சொல்லிக் காலையில் ஒரு பையனை இறக்கினார். வாளியில் முதல் இரண்டு தடவை துருவும் சேறுமாக வந்தது. மூன்றாவது வாளி வரவில்லை, கயிற்றை ஆட்டினால் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். கத்திக் கூப்பிட்டு ஏணியில் ஏற்றினோம். தலை வெளியே வந்ததும் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான். பெயர் என்ன என்று கேட்டால் அதற்கும் சிரிப்பு. கண் இரண்டும் செம்பருத்தி. குடித்தவன் மாதிரி அரை மணி நேரம், பிறகு வாந்தி. இன்னும் ஐந்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தால் சிரித்தபடியே கீழே சாய்ந்திருப்பான்.

அந்த ஒப்பந்தக்காரர் மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டுதான் போனார். ஒரு ரூபாய் குறைக்கவில்லை.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
வெறும் வயிற்றில் இறங்கியிருப்பான். பையனுக்கு இட்லி வாங்கிக் கொடுத்தீர்களா டீலர்வாள்? டீலர்களைப் பற்றி எனக்குத் தெரியாதா! ஊதுகிற ப்ளோயர் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் "அதெல்லாம் எதற்கு, சீக்கிரம் முடி, விற்பனை போகிறது" என்பீர்கள். ஏதாவது ஆனால் ஒப்பந்தக்காரன் தலையில்.

சிங்கை_பட்டறை:
ஆக, ப்ளோயர் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது! ஒரு ராத்திரி போதும் என்றால் ப்ளோயர் எதற்கு?

தூத்துக்குடி_டேங்க்காரர்:
வேண்டும் என்று நான் எங்கே சொன்னேன்? எடுக்கலாம் என்றேன். தமிழ் படியுங்கள்.

மைலேஜ்_மன்னன்:
எல்லாவற்றுக்கும் காரணம் எத்தனால். 20 சதவீதம் கலக்கிறார்கள். கொஞ்சம் தண்ணீர் இறங்கினால் போதும், எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். முன்னே அத்தி பூத்தாற்போல் நடந்த டேங்க் சுத்தம் இப்போது அடிக்கடி. என் வண்டி மைலேஜ் 52-லிருந்து 46. போன மாதம் இதை எழுதியபோது இதே டீலர் என்னைக் கேலி செய்தார்.

பழைய_டீலர்:
கேலி செய்யவில்லை. காற்று குறைந்த டயரோடு ஓட்டினால் 46 கூட அதிகம் என்றேன். டிப் ராடில் பசை தடவி இறக்கி, தண்ணீர் பட்டு நிறம் மாறியிருக்கிறதா என்று தினமும் பார்த்தவன் நான். நீங்கள் எந்த டேங்க்கில் எதைப் பார்த்தீர்கள்?

மைலேஜ்_மன்னன்:
பங்க்காரன் பசையை நம்பச் சொல்கிறீர்கள். சரி சரி.

கறுப்பு_அங்கி:
என் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. எந்த டேங்க்?

சிங்கை_பட்டறை:
நான் வேலை பார்க்கும் இடத்தில் நடப்பதைச் சொல்கிறேன். 2009 முதல் இங்கே அடைபட்ட இடங்களுக்கென்றே தனி விதி. உள்ளே போகும் முன் கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று இடத்திலும் பார்க்க வேண்டும். ஆக்ஸிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் போக முடியாது. ஆவி, தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலும் போக முடியாது. வாயிலில் ஒருவன் நகராமல் நிற்பான். உள்ளே இருப்பவன் விழுந்தால் இவன் குதிக்கக் கூடாது, ஆள் கூப்பிட வேண்டும். நம் ஊரில் முதல் ஆளைத் தூக்க இரண்டாவது ஆள் இறங்கி, அவனைத் தூக்க மூன்றாவது ஆள்... செய்தித்தாளில் படிப்பதில்லையா? ஈரத்துண்டாம். துண்டு தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
வந்துவிட்டது சிங்கப்பூர்! இரண்டு பதிவுக்கு ஒரு முறை பாஸ்போர்ட்டைக் காட்டாவிட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. அங்கே மீட்டர் இருக்கிறது, இங்கே மூக்கு இருக்கிறது. வாசம் நின்றால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குத்தான் ஒரு ராத்திரி.

சிங்கை_பட்டறை:
வாசம் நிற்பது மூக்கு பழகிப்போவதால்! புதிதாக இன்னொருவனைக் கூப்பிட்டு முகரச் சொல்லிப் பாருங்கள்.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
என் மூக்கைப் பற்றி நீங்கள் பேச வேண்டாம். போன வருஷம் பங்க்கில் செல்போன் பேசினால் தீப்பிடிக்கும் என்ற சண்டையிலும் நீங்கள்தானே தோற்றீர்கள்?

சிங்கை_பட்டறை:
தோற்றேனா? பெட்ரோல் போடும்போது பிடிக்கும் தீயில் ஆராய்ந்து பார்த்தவை உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தையே காட்டுகின்றன, செல்போனை இல்லை என்று எழுதினேன். நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஒரு வாரம் காணாமல் போனீர்கள்.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
என் மச்சினி கல்யாணம். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பழைய_டீலர்:
செல்போனை அணைக்கச் சொன்னால் வாடிக்கையாளர் நம்மிடம் சண்டைக்கு வருவார். அதை யாரும் எழுத மாட்டீர்கள்.

வேலை_தேடி_24:
மன்னிக்கவும், இப்போதுதான் எல்லாம் படித்தேன். நான் சரியாக எழுதவில்லை போல. பெட்ரோல் டேங்க் இல்லை. பங்க்குக்குப் பின்னால் லாரிக்காரர்களுக்கான கழிப்பறை இருக்கிறது, அதன் செப்டிக் டேங்க். லாரி உறிஞ்சியது போக அடியில் கட்டியாக இருக்கிறதாம், அதை இறங்கி அள்ள வேண்டும்.

கறுப்பு_அங்கி:
இதைத்தான் முதலிலிருந்து கேட்டேன்! தம்பி, போகாதீர்கள். அந்த 2013 சட்டத்தின் ஏழாவது பிரிவுப்படி உங்களை இறக்குவதே குற்றம், சிறை உண்டு. இந்த மாதிரிச் சாவுக்கு 10 லட்சமாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக்கியது. செப்டிக் டேங்க், சாக்கடை சுத்தத்துக்கான உதவி எண் 14420-க்குப் பேசச் சொல்லுங்கள், மறுபடியும் லாரி வரட்டும்.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
அட, செப்டிக் டேங்க்தானா! அது இன்னும் சுலபம். மூடியை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதும்.

சிங்கை_பட்டறை:
அண்ணே! அங்கே வருவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுவும் காற்றைவிடக் கனம். அளவு கூடினால் முதலில் சாவது மூக்குதான், அழுகிய முட்டை நாற்றமே தெரியாது.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
கனம், கனம். உங்களுக்கு வேறு வார்த்தையே தெரியாதா? போன சண்டையில் நிலைமின்சாரம், இந்தச் சண்டையில் கனம்.

சிங்கை_பட்டறை:
போன சண்டையில் தோற்றது யார் என்பதை முதலில் பேசுவோம்.

மைலேஜ்_மன்னன்:
52-லிருந்து 46. அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தூத்துக்குடி_டேங்க்காரர்:
கல்யாணப் பத்திரிகையைப் படம் எடுத்துப் போடவா? தேதி பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணாச்சி.