ஊர் வேலைக்குப் போனால் பிள்ளைகளுக்கு மனசு தெளியுமா?

கன்னங்குறிச்சி வாசி:
டிகிரி முடித்து வேலை அமையாமல் அறைக்குள்ளேயே கிடந்த என் தம்பி, இப்போது ஞாயிறானால் ஏரியைச் சீர்செய்யும் தொண்டு வேலைக்குப் போய்விடுகிறான். வேளைக்குச் சாப்பிடுகிறான், வாய்விட்டுப் பேசுகிறான். அப்பாவுக்கு இது வெட்டி வேலை. 2010 வாக்கில் சேலம் மக்கள் குழு என்ற தன்னார்வ அமைப்பு மூக்கனேரியைத் தூர்வார இறங்கியபோதும் இதையேதான் சொல்லியிருப்பார்கள்; அள்ளின வண்டலை ஏரிக்குள்ளேயே திட்டுதிட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள், இன்று பறவை வந்து அடைகிறது. பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் இப்படி எதிலாவது இறக்கிவிடுங்கள்.

செவ்வாய்பேட்டைக்காரர்:
அப்பா சொல்வதில் நியாயம் இருக்கு தம்பி. ஏரியில் ஆரம்பிக்கும், அப்புறம் மனு, மறியல், கடைசியில் வழக்கு. 2018-ல் சேலம்–சென்னை எட்டு வழிச்சாலைக்கு நிலம் அளக்க வந்தபோது கேள்வி கேட்டவர்களைப் பிடித்துக்கொண்டு போனதை மறந்தாச்சா? நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கு போலீஸ் விசாரணை வந்தால் அந்த ஏரி வந்தா சாட்சி சொல்லும்?

குரங்குச்சாவடி:
ரெண்டு பேரும் வேறு வேறு விஷயத்தைப் பேசுகிறீர்கள். 2018-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 18 முதல் 27 வயதுக்குள் இருந்த 9,000-க்கும் மேற்பட்டவர்களைச் சில வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தது, குடும்பப் பின்னணியையும் கணக்கில் எடுத்துக்கொண்டு. தொண்டு செய்தவர்களுக்கும் ஓட்டுப் போட்டவர்களுக்கும் மனச்சோர்வு குறைவு. போராட்டத்துக்குப் போனவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை, உடம்பைக் கெடுக்கும் பழக்கங்கள்தான் கூடுதல். ஆனால் படிப்பும் வருமானமும் மூன்று தரப்புக்குமே உயர்ந்திருந்தது.

ஏற்காட்டுக்காரி:
ஆய்வு இருக்கட்டும். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்றில் குடிதண்ணீர் பற்றிக் கேட்ட பொண்ணுக்கு "உனக்கென்ன தெரியும், உட்காரும்மா" என்றுதான் பதில் வந்தது. அதோடு அவள் கூட்டத்துக்கு வருவதை விட்டுவிட்டாள், முன்னைவிட மோசமாக ஒடுங்கிப் போனாள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) ரெண்டு வருஷத்தில் 240 மணி நேரம் வேலை வாங்குகிறார்களே, குப்பை பொறுக்கக் கூப்பிடுகிறவர்கள் எங்கே பொறுக்கலாம் என்று ஒரு தடவையாவது பிள்ளைகளைக் கேட்டதுண்டா? பேச்சுக்கு மதிப்பில்லாத இடத்தில் எத்தனை மரம் நட்டால் என்ன?

செவ்வாய்பேட்டைக்காரர்:
அதனால்தான் போகவேண்டாம் என்கிறேன்.

ஏற்காட்டுக்காரி:
இல்லைங்க, தனியாகப் போகவேண்டாம். அடுத்த கூட்டத்துக்கு நாங்கள் நாலஞ்சு பேர் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம், தீர்மானமாக எழுதுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் இன்னும் வரவில்லை. அவள் இப்போது எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறாள்.

செவ்வாய்பேட்டைக்காரர்:
நாலு பேர் போனால் நாலு பேர் மேலும் வழக்கு, அவ்வளவுதான். என் பையன் ஓட்டுப் போடட்டும், வேணும்னா ஏரிக்கும் போகட்டும், அதோடு சரி.

குரங்குச்சாவடி:
அந்த ஆய்வை வைத்துப் பார்த்தால் உங்கள் பையன் நல்லாவே இருப்பான். ஆனால் சேர்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிற திருமணிமுத்தாறு ஊருக்குள் சாக்கடையோடு சாக்கடையாக ஓடுகிறது, அதை ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியால் சரிசெய்ய முடியாது, யாராவது மாநகராட்சி வாசலில் போய் நின்றே ஆகணும். யார் வீட்டுப் பிள்ளையை அனுப்பலாம் என்று நீங்களே சொல்லுங்கள்.