கதவு வரை போய்த் திரும்பிய அம்மாக்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருவொற்றியூர், ஒரு தாய்:

என் மகள் 31 வாரத்தில் பிறந்தாள். எடை 1,340 கிராம். ஐந்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்தாள். பீய்ச்சிய பாலை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, தையல் வலியோடு தினமும் ஆட்டோவில் எழும்பூர் போவேன். வளையலைக் கழற்றி, முழங்கை வரை கை கழுவி, கதவருகே நிற்பேன். உள்ளே அவள் மூச்சையும் இதயத் துடிப்பையும் கண்காணிக்கும் இயந்திரம் கத்தும். பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். வீட்டில் கேட்டால், "பார்த்தேன், தூங்குகிறாள்" என்பேன். நான்கு நாட்கள் இப்படிப் பொய் சொன்னேன். இதை எழுத எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

தெருவில் யாராவது காரைப் பின்னால் எடுத்தால் வருமே ஒரு சத்தம், அதற்குக்கூட உடம்பு நடுங்கும். "அழாதே, பால் வற்றிவிடும்" என்றார்கள் அத்தையும் அக்கம்பக்கத்தாரும். அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அழுகையை அடக்க அடக்க எனக்கு எதுவுமே உறைக்காமல் போயிற்று.

ஒரு மூத்த செவிலியர்தான் கண்டுபிடித்தார். "நீங்கள் உள்ளே வந்து நான்கு நாளாகிறதம்மா" என்றார், அதட்டாமல். அவர் சொல்லித்தான் மனநல ஆலோசகரிடம் போனேன். வாரம் ஒரு முறை, மொத்தம் ஆறு முறை.

முதல் நாள், "அன்று காலையிலிருந்து சொல்லுங்கள்" என்றார் அவர். அதுவரை எல்லோரும் குழந்தையின் எடையைத்தான் கேட்டிருந்தார்கள். இட்லி ஊற்றிக்கொண்டிருந்ததிலிருந்து தொடங்கி, பனிக்குடம் உடைந்த இடத்தில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். அரை மணி நேரம் அழுதேன், நிறுத்தச் சொல்லவில்லை.

"நான் தொட்டால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும்" என்ற என் பயத்தையும் அவர் மறுக்கவில்லை. எந்தச் சத்தம் எதற்காக வருகிறது என்று செவிலியரிடம் கேட்டு எழுதிவரச் சொன்னார். காலில் சுற்றிய சென்சார் நழுவினால்கூட அது கத்தும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முதல் நாள் கதவுக்கு உள்ளே இரண்டு நிமிடம். மறுநாள் இன்குபேட்டர் அருகே. அதற்கடுத்து, உள்ளங்கையை அவள் தலைமேல் அசைக்காமல் வைப்பது. மூன்றாவது வாரம் கங்காரு முறையில் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டேன்.

பச்சிளங்குழந்தைப் பிரிவுச் செவிலியர்:

அழுகிற அம்மாவை எல்லோரும் கவனிப்போம். அழாமல், எடையை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறவர்தான் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களின் மனநிலையைக் கேட்கும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது பத்தாவது. அதைத் தயங்காமல் கேட்க வேண்டும்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. அமெரிக்காவின் அயோவாவில் லிசா செக்ரே என்ற ஆய்வாளர், பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்களே தாயோடு ஆறு முறை வரை உட்கார்ந்து கேட்கும் முறையைச் சோதித்துப் பார்த்தார். மருந்து மாற்றவும் பால் அளக்கவுமே நேரம் சரியாகிவிடும் எங்களுக்கு அப்படி உட்கார ஆசையாக இருக்கிறது.

பெரம்பூர், இரட்டைக் குழந்தைகளின் அம்மா:

எனக்குப் பேச்சு மட்டும் போதவில்லை. மூன்றாவது சந்திப்பில், "நான் இல்லாவிட்டால் பிள்ளைகளுக்கு நல்லது" என்று சொல்லிவிட்டேன். ஆலோசகர் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுத்துக்கொள்ளக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்துத் தருவார். மாத்திரைக்குப் பயந்து மனதில் இருப்பதை ஒளிக்காதீர்கள்.

ஓர் இரவு தாங்க முடியாமல் 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண்ணுக்கு அழைத்தேன். இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். மாமியாருக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறையைத் தாளிட்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். அந்தப் பக்கம் இருந்தவர் தண்ணீர்ச் சத்தம் எதற்கென்று கேட்கவில்லை. "மெதுவாகவே பேசுங்கள், எனக்குக் கேட்கிறது" என்றார்.